கார் இடுக்குக்கு ஒரு பாதாளக் கரண்டி

தங்கம் காந்தத்தில் ஒட்டாது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் காருக்குள் ஒரு நகை விழுந்துவிட்டால், பக்கத்தில் நிற்கும் நாலு பேரில் ஒருவராவது "காந்தம் இருக்குதா பாருங்க" என்று சொல்லாமல் இருப்பதில்லை. எங்கள் அத்தையின் தோட்டுத் திருகாணி விழுந்தபோதும் அதுதான் நடந்தது.

பெருந்துறையிலிருந்து சென்னிமலை வழியாகக் காங்கேயத்துக்கு ஒரு சீருக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்சீட்டில் அத்தை. தோடு இறுக்குகிறதென்று திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தப் போனவர், "மாப்ள, வண்டியச் சித்த ஓரங்கட்டுங்க. திருகாணி உளுந்துருச்சுங்க" என்றார். சீட்டுக்கும் கியர் பக்கத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு. இரண்டு விரல் கூட நுழையாது.

நிறுத்தியதும் அவர் குனிந்து சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பியைத் தூக்கப் பார்த்தார். "சீட்ட மட்டும் நகத்தாதீங்க அத்தை" என்றேன். சீட்டைப் பின்னால் தள்ளினால் இடம் கிடைக்கும், கை உள்ளே போகும் என்பது யாருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. பாட்டில் மூடியோ பேனாவோ விழுந்திருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். திருகாணிக்கு அது ஆகாது.

காரணம் சீட்டுக்குக் கீழே இருக்கிற தண்டவாளம். தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய கீழ்ப்பகுதி ஒன்று, சீட்டோடு சேர்ந்து நகரும் மேல்பகுதி ஒன்று. இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்ன பால்ரஸ் குண்டுகள், அல்லது உருளைகள், சுற்றிலும் கிரீஸ். வாய் திறந்தபடி இருக்கிற இந்தப் பள்ளத்துக்குள் திருகாணி விழுந்திருந்தால், சீட்டை ஒரு தடவை தள்ளினாலே போதும், நசுங்கிவிடும். 22 கேரட் நகையில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். மெத்தென்ற உலோகம். உள்மரை கொஞ்சம் சப்பினாலும் பிறகு தோட்டில் ஏறாது. நசுங்காமல் தப்பினாலும், மேல்பகுதி அதைத் தள்ளிக்கொண்டு போய் எந்த மூலையில் விடும் என்று சொல்ல முடியாது.

ஆகவே அங்கே ஒன்றும் செய்யவில்லை. தோட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார். மெதுவாக இறங்கிப் பின்சீட்டுக்கு மாறிக்கொண்டார். முன்சீட்டில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பக்கத்துப் பின்சீட்டில் இருந்த என் பெண்ணும் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், ஏனென்றால் தண்டவாளத்தின் பின்முனை பின்சீட்டுக்காரர்களின் காலடிக்குத்தான் வரும். விழுந்தது காருக்குள்தான் இருக்கிறது, அதற்குக் கால் முளைத்து ஓடாது என்று அத்தையிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. காங்கேயம் போய்ச் சேரும்வரை அரைப் பவுன் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பொறுமையெல்லாம் டிரைவர் பக்கத்துக்குப் பொருந்தாது. அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோ, பையனின் பந்தோ, கழற்றிப் போட்ட செருப்போ விழுந்து உருண்டால், முதல் வேலை வண்டியை நிறுத்துவது. பிரேக் பெடலுக்கு அடியில் ஒரு பாட்டில் போய் உட்கார்ந்தால் பெடல் கீழே இறங்காது. ஓட்டிக்கொண்டே காலால் தள்ளிவிடுவதும், ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குனிவதும் வேண்டவே வேண்டாம்.

கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்கப் பாதாளக் கரண்டி என்று ஒன்று உண்டு. இரும்பு வளையத்தைச் சுற்றிக் கொக்கி கொக்கியாகத் தொங்கும். ஊரில் ஒன்றிரண்டு வீட்டில்தான் இருக்கும். இரவல் கேட்டுப் போனால், அதற்கு ஈடாக ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுத்தான் எடுத்து வரவேண்டும். அப்பாரு வீட்டு அட்டாரியில் ஒன்று இன்னும் கிடக்கிறது. கார் வேலைக்கும் அந்த மாதிரி ஒன்று இருந்தால் என்ன என்றுதான் நானும் ஆரம்பித்தேன். ஆனால் பாதாளக் கரண்டி துழாவிப் பிடிக்கிற சாமான். கிணற்றடியில் என்ன இருக்கிறதென்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. கொக்கி எதிலாவது மாட்டும்வரை கயிற்றை ஆட்டிக்கொண்டே இருக்கவேண்டும். கார் இடுக்கில் துழாவினால் சாமான் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். கம்பளத்தின் வெட்டுவாய், ஒயர் போகும் ஓட்டை, ஏசி காற்றுக் குழாயின் வாய் என்று கீழே ஏகப்பட்ட வழிகள். முதலில் கண்ணால் பார்க்கவேண்டும். அது எதனால் ஆனது, கிடக்கிற பள்ளம் எங்கே போய் முடிகிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகுதான் கையில் எதை எடுப்பது என்ற பேச்சு.

முதலில் கண்

வெயிலில் நிற்கிற காரில் டார்ச் அடிப்பதும் அடிக்காததும் ஒன்றுதான். வெளி வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குச் சீட்டின் அடி இருட்டாகவே தெரியும். மறுநாள் விடிந்ததும் தகரச் செட்டுக்குள் வண்டியை விட்டுக்கொண்டேன். கதவைத் திறப்பதற்கு முன்பே, படிக்குக் கீழே மண்ணில் ஒரு பழைய வேட்டியை விரித்துப் போட்டாயிற்று. கதவு திறக்கும்போது ஓரத்தில் தொற்றிக்கொண்டிருப்பது மண்ணில் விழுந்தால் அந்தத் தேடல் தனி.

கால்மிதி விரிப்பை உதறக்கூடாது. நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கி, வேட்டியின் மேல் கவிழ்த்தேன். மண், நிலக்கடலைத் தோல், யாரோ தின்று போட்ட பேரீச்சங்கொட்டை. திருகாணி இல்லை.

டார்ச்சைத் தலைக்கு மேலே பிடிக்காமல் தரையோடு தரையாகப் படுக்க வைத்தால், மிளகளவு சாமானுக்கும் நீளமாக ஒரு நிழல் விழும். தங்கமாக இருந்தால் ஒரு கோணத்தில் மின்னும். டார்ச்சை மெதுவாக நகர்த்த நகர்த்த மின்னுவது எது என்று பார்த்துக்கொண்டே வரவேண்டும். இதற்கு அடுத்தபடி செல்போன். ஃபிளாஷைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, போனைச் சீட்டுக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் மெதுவாக ஒரு இழுப்பு. பிறகு வெளியே உட்கார்ந்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். கழுத்து வலிக்காது.

இது இரண்டிலும் தெரியாததற்குத்தான் எண்டோஸ்கோப் கேமரா. பாம்பு மாதிரி நீளமான ஒயரின் நுனியில் பொட்டளவு கேமரா, சுற்றிலும் எல்ஈடி. போனில் சொருகினால் படம் வந்துவிடும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வாங்கும்போது யாரும் சொல்லாத ஒன்று: மலிவான கேமராக்களுக்குக் கூர்மை ஒரு குறிப்பிட்ட தூரத்தில்தான். சாமானுக்கு ரொம்ப நெருங்கினால் எல்லாம் மங்கல். நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் தெளிவு. இன்னொன்று, கிரீஸ் பூசிய இரும்பில் எல்ஈடி வெளிச்சம் பட்டுப் பளீரென்று திருப்பி அடிக்கும். ஒயரில் இருக்கிற சக்கரத்தைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் உலோகத்தை உலோகம் என்று அடையாளம் தெரியும்.

சொட்டுநீர் டியூபும் கொசுவலையும்

காந்தம் ஆகாது என்றான பிறகு அடுத்தது வேக்யூம் கிளீனர். அதன் வாய் இடுக்குக்குள் நுழையாது. கடையில் ஒல்லி வாய் தனியாக விற்கிறார்கள், அதுவும் சீட்டோரத்தில் பாதியிலேயே நின்றுவிடும். தோட்டத்தில் சொட்டுநீர் போட்ட வீட்டில் 16 மி.மீ. லேட்டரல் டியூப் துண்டுக்குப் பஞ்சம் உண்டா? முழங்கை நீளத்துக்கு ஒன்று வெட்டினேன். இது பாலித்தீன், சூட்டில் இளகும். நுனியைக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, ஐஸ் குச்சி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே சொருகி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்தினேன். ஆறியதும் குச்சியை உருவிவிட்டால் சப்பையான வாய் ரெடி. குச்சி வைக்காமல் அழுத்தினால் வாய் ஒட்டி மூடிக்கொள்ளும்.

டியூப் 16 மி.மீ., வேக்யூம் குழாயின் வாய் அதைப்போல் இரண்டு மடங்கு. நடுவில் இருக்கிற இடைவெளிக்குப் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றி, மேலே கறுப்பு டேப். கைப்பிடியில் காற்றுத் திறப்பு இருந்தால் அதைக் கொஞ்சம் திறந்து வைக்கவேண்டும். வேக்யூம் கிளீனரின் மோட்டாரைக் குளிர வைப்பதே அது உறிஞ்சுகிற காற்றுதான். வாயைக் குறுக்கினால் காற்று குறையும், மோட்டார் சூடாகும். எண்ணிப் பத்துப் பதினைந்து ஓடவிட்டு நிறுத்துவது, மறுபடி ஓடவிடுவது என்று செய்தால் தொந்தரவில்லை.

சாமான் மெஷினுக்குள் போகாமல் இருக்க நடுவில் ஒரு துணி வேண்டும். திருப்பூர் பக்கத்து வீட்டில் பனியன் துணிக்கென்ன குறை, மெல்லிசாக ஒரு துண்டை முதலில் கட்டிப் பார்த்தேன். பின்னல் துணியில் தூசி அப்பிக்கொண்டதும் உறிஞ்சல் பாதியாகிவிட்டது. கரூர் கொசுவலையில் ஒரு துண்டு கட்டியதும் பழைய இழுப்பு வந்துவிட்டது. கண்ணி பெரிது, காற்று தாராளமாகப் போகும், திருகாணி போகாது. மூக்குத்திக் கல் அளவுக்குச் சின்னதாக இருந்தால் வலையை இரட்டையாக மடித்துக் கட்டவேண்டும்.

வலையை எங்கே கட்டுவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மாத்திரை, பொத்தான் மாதிரி டியூபுக்குள் நுழையாத சாமானென்றால் நுனியிலேயே கட்டலாம், உறிஞ்சலில் நுனியில் ஒட்டிக்கொண்டு வரும். திருகாணி மாதிரிச் சின்னதற்கு டியூபும் குழாயும் சேரும் இடத்தில் கட்டவேண்டும். டியூபுக்குள் ஏறி வந்து வலையில் தட்டும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். மெஷினை நிறுத்துவதற்கு முன் டியூபின் நுனியை மேலே தூக்கிக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பவும் உள்ளே.

அன்றைக்கு வலையில் சிக்கியவை: தலைமுடி, கொண்டை ஊசி, பென்சில் சீவிய தூள், ஒரு முறுக்கின் கால் பாகம். ஒவ்வொரு முறையும் வலையைப் பிரித்து வெள்ளைத் தட்டில் தட்டிப் பார்த்தோம். கோவையில் நகைப் பட்டறைகளில் கூட்டிய தூசியையும் குப்பையில் கொட்டமாட்டார்கள், சேர்த்து வைப்பார்கள். கார் தூசிக்கும் அந்த மரியாதையைத் தந்தோம். தட்டில் இல்லை என்று உறுதியான பிறகுதான் கீழே கொட்டியது.

தூசி போனதில் ஒரு லாபம், தண்டவாளம் பளிச்சென்று தெரிந்தது. எண்டோஸ்கோப்பை மறுபடி விட்டேன். முன்பக்கத்துப் போல்ட்டுக்குக் கொஞ்சம் பின்னால், உட்பக்கப் பள்ளத்தில், கிரீஸில் பாதி முழுகியபடி திருகாணி. போனைக் கையில் வாங்கிப் பார்த்த அத்தை, "அட சாமி, அதேதான்" என்றார். முகத்தில் அப்போதுதான் ரத்தம் வந்தது.

வைண்டிங் கம்பி

இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. வேக்யூம் இழுக்கவில்லை. கிரீஸின் பிடி உறிஞ்சலைவிட வலுவானது. குச்சி நுனியில் இருபக்க டேப் ஒட்டி எடுக்கலாம் என்றால், கிரீஸ் பட்ட இடத்தில் எந்த டேப்பும் ஒட்டாது. பபுள்கம்மும் அப்படித்தான். காய்ந்த இடத்தில் கிடக்கிற மாத்திரை, சிம் கார்டு, கல் இவற்றுக்கு டேப் நல்ல வழி. சிம் கார்டுக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்றே சொல்வேன்.

எனக்குக் கைகொடுத்தது மோட்டார் வைண்டிங் கம்பி. நம் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ரீவைண்டிங் கடை இருக்கும், போர்வெல் மோட்டார் நாலு கழற்றிக் கிடக்கும். சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே ஓடுவதால், அதன் செம்புக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கும். கழித்துப் போட்ட சுருளிலிருந்து ஒரு கை நீளம் கேட்டால் தருவார்கள். வளைத்த வளைவு அப்படியே நிற்கும். உறை இருப்பதால் பிளாஸ்டிக்கையும் பெயிண்டையும் கீறாது. சைக்கிள் பிரேக் கம்பியும் நுழையும், ஆனால் அது எஃகு. வளைத்தால் திமிறிக்கொண்டு நேராகிவிடும்.

நுனியில் கொஞ்சம் உறையைச் சீவி, செம்பைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, நக அகலத்துக்கு மேல்நோக்கி வளைத்தேன். அரத்தால் ஓரத்தை மழுக்கிவிட்டேன், தங்கத்தில் கீறல் விழக்கூடாதே. மனைவி எண்டோஸ்கோப்பையும் போனையும் பிடித்துக்கொள்ள, நான் கம்பியைத் திருகாணிக்குப் பின்னால் இறக்கி முன்பக்கமாக இழுத்தேன். போனில் படம் தலைகீழாக வருகிறபோது கை இடது வலது தெரியாமல் தடுமாறும். கேமராவைத் திருப்பி, படத்தில் மேலே தெரிவது நிஜத்திலும் மேலே இருக்கும்படி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. திருகாணியை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்காமல், சுற்றியிருக்கிற கிரீஸோடு சேர்த்து அள்ளினேன். கிரீஸே அதைக் கரண்டியில் பிடித்து வைத்துக்கொண்டது. பள்ளத்தின் முன்முனைக்கு வந்ததும் கீழே ஒரு வெள்ளைக் காகிதத்தை நீட்டி அதில் தள்ளியாயிற்று.

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பைப் போட்டு ஊற வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்ததும் பளபளப்பு வந்துவிட்டது. கழுவியது கிண்ணத்துக்குள். குழாயடியில் கழுவித் தொலைத்தவர்கள் கதை நிறையக் கேட்டிருக்கிறேன். அள்ளிய இடத்தில் கிரீஸ் போய்விட்டதால், கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸைக் குச்சியில் எடுத்துப் பூசிவிட்டு, அதற்குப் பிறகுதான் சீட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தேன்.

சீட்டைக் கழற்றலாமா?

வேலைக்கு நடுவே எங்கள் ஊர் மெக்கானிக் தம்பி அந்தப் பக்கமாக வந்தார். "இதுக்கேனுங்ணா இத்தன பாடு? நாலு போல்ட்டு. சீட்டையே தூக்கி வெளிய வெச்சுரலாங்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பல கார்களில் 14 மி.மீ. ஸ்பேனர் போட்டால் முன்சீட் கழன்று வந்துவிடும். சில ஐரோப்பிய வண்டிகளில் நட்சத்திரத் தலை போல்ட் இருக்கும், அதற்குத் தனி பிட் வேண்டும். பழைய வண்டியாக இருந்திருந்தால் நானும் சரி என்றிருப்பேன்.

யோசிக்க வைப்பது சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒயர்கள். 2019 ஜூலையிலிருந்து இங்கே தயாராகிற கார்களில் முன்சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். அதனால் பக்கிளுக்கு ஒயர் போகும், பக்கத்துச் சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதை அறிகிற உணரியின் ஒயரும் இருக்கும். சீட்டின் தோளுக்குள் பக்கவாட்டு ஏர்பேக் இருக்கிற வண்டியென்றால் மஞ்சள் கனெக்டர் ஒன்று கண்ணில் படும். மஞ்சளைப் பார்த்தால் கையை எடுத்துவிடவேண்டும். சாவியைப் போட்டபடி அதைக் கழற்றினால் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். பல வண்டிகளில் திரும்ப மாட்டினாலும் விளக்கு அணையாது, ஸ்கேனர் போட்டுத்தான் அழிக்கவேண்டும். அது வெடிமருந்து வைத்த பொருள் என்பதும் நினைவில் இருக்கவேண்டும். எப்படியும் கழற்றியே ஆகவேண்டுமென்றால் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொல்லியிருக்கிற நேரம்வரை காத்திருந்துவிட்டுத்தான் தொடவேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு. போல்ட் நாலையும் எடுத்துவிட்டு, ஒயர் எதையும் கழற்றாமல் சீட்டைப் பின்னால் சாய்த்தால் அடி முழுக்கத் தெரியும். ஒயரில் அதற்கு வேண்டிய தளர்ச்சி பெரும்பாலும் இருக்கும். தம்பி கடையில் அப்படித்தான் செய்வாராம். சீட் போல்ட் என்பது விபத்தில் ஆளையும் சீட்டையும் தரையோடு பிடித்து வைக்கிற சாமான். திரும்ப மாட்டும்போது கையில் மரை பிடித்துவிட்டு, கையேட்டில் உள்ள அளவுக்கு, முறுக்கும் பலத்தை அளந்து காட்டுகிற டார்க் ஸ்பேனரில் முடுக்கவேண்டும். ஒரு திருகாணிக்காக அந்த வேலையில் இறங்க எனக்கு மனம் வரவில்லை.

கதவுக்குள் போன மண்டிச் சீட்டு

இதைக் கேள்விப்பட்ட சித்தப்பா அவருடைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஈரோட்டில் மஞ்சள் போட்டுவிட்டு வாங்கிய மண்டிச் சீட்டைக் கண்ணாடி ஓரத்தில் வைத்திருக்கிறார். கண்ணாடியை இறக்கியதும் அது ரப்பர் பட்டையைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கிவிட்டது. காகிதம். காந்தமும் ஆகாது, கொக்கியும் ஆகாது. மேலே இருந்து கம்பியை விட்டால் கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற அமைப்பில் போய்ச் சிக்கும்.

கதவின் உள்பலகையைக் கழற்றுவதுதான் வழி. கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, சாவியை எடுத்துவிடவேண்டும். கை உள்ளே இருக்கும்போது யாராவது பவர் விண்டோ பொத்தானை அழுத்தினால் விரல் போய்விடும். கைப்பிடிக் குழிக்குள்ளும், திறக்கிற நெம்புகோலுக்குப் பின்னாலும் சின்ன மூடிகளுக்கு அடியில் ஸ்குரூ ஒளிந்திருக்கும். மீதி ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கிளிப். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும், பலகையில் தழும்பு விழும். பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புக்கு நேராகத் தூக்கினால் டப்பென்று விடும். பழைய வண்டியில் ஒன்றிரண்டு கிளிப் உடையத்தான் செய்யும், வண்டி சாமான் கடையில் முன்கூட்டியே நாலைந்து வாங்கி வைத்துக்கொண்டால் வேலை நிற்காது.

பலகைக்குப் பின்னால் ஒரு பாலித்தீன் தாள் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். இதை அலட்சியமாகக் கிழித்துப் போடுகிறவர்கள் அதிகம். மழையில் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு, அது கதவின் அடியில் இருக்கிற துவாரங்கள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதுதான் இந்தத் தாள். கிழிந்தால் அடுத்த ஐப்பசி மழையில் கால்மிதி நனைந்து நாறும். ஒரு மூலையை மட்டும் மெதுவாக உரித்து, கையை விட்டால் போதும். பசை விரலில் படாமல் பார்த்துக்கொண்டால் அதே பசையில் திரும்ப ஒட்டிவிடலாம்.

மண்டிச் சீட்டு கதவின் அடித்தளத்தில், துவாரத்தின் மேல் படிந்து கிடந்தது. கூடவே பழைய பார்க்கிங் டிக்கெட், நைந்துபோன பஸ் டிக்கெட், வேப்பிலைச் சருகு. துவாரத்தில் ஒன்று முழுக்க அடைத்திருந்தது. அதைக் குச்சியால் குத்திவிட்டதும் தேங்கியிருந்த தண்ணீர் ஒழுகியது. கதவு அடியில் துருப்பிடிப்பது இப்படித்தான். ஆகவே கதவுக்குள் விழுந்தது வேண்டாத காகிதமாக இருந்தாலும் எடுத்துவிடுவது நல்லது. சித்தப்பாவுக்குத் துருவைப் பற்றிக் கவலையில்லை. சீட்டில் எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காப்பி சாப்ட்டுட்டுப் போலாம் வா கண்ணு" என்றார்.

மற்ற இடங்கள்

சார்ஜர் சொருகுகிற வட்டக் குழியில் நாணயம் விழுந்தால் அது சும்மா கிடக்காது. குழியின் நடுமுனையில் 12 வோல்ட், சுற்றுச்சுவர் நெகட்டிவ். நாணயம் இரண்டையும் தொட்டால் ஃபியூஸ் போகும். சாவியை எடுத்து, அந்த ஃபியூஸையும் உருவிவிட்டு, சீமாத்துக் குச்சி இரண்டை வைத்துக் கவ்வி எடுத்தோம். இரும்பு இடுக்கி கூடவே கூடாது. 1 ரூபாய், 2 ரூபாய் இப்போது எஃகில் வருவதால் காந்தத்தில் ஒட்டும். பொன்னிறத்து 5 ரூபாய் நிக்கல் பித்தளை, ஒட்டாது.

முன்கண்ணாடி ஓரத்துக் காற்றுத் துவாரத்தில் ஏதாவது விழுந்தால், எடுக்கிறவரை ஏசி விசிறியைப் போடாமல் இருக்கவேண்டும். ஆழமில்லாத இடத்தில் நிற்கிற சாமான் அதிர்விலும் காற்றிலும் நகர்ந்து குழாய்க்குள் இறங்கிவிட்டால், டேஷ்போர்டைப் பிரிக்கிற அளவுக்கு வேலை வளரும்.

எஞ்சின் பக்கத்தில் போல்ட் தலையில் மாட்டித் திருகுகிற 10 மி.மீ. சாக்கெட்டைத் தவறவிடாத மெக்கானிக் கிடையாது. இங்கேதான் காந்தத்துக்கு வேலை. ஆனால் கம்பி நுனியில் கட்டிய நியோடிமியம் காந்தம் போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு இரும்பிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் சொட்டுநீர் டியூப்தான். காந்தம் கட்டிய வைண்டிங் கம்பியை டியூபுக்குள் செலுத்தி, காந்தத்தை உள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டு இறக்கினால் சுவரில் ஒட்டுவது வெகுவாகக் குறையும். சாக்கெட்டுக்குப் பக்கத்தில் போனதும் கம்பியைத் தள்ளினால் காந்தம் வெளியே வந்து கவ்விக்கொள்ளும். எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். கைக்காக மட்டுமில்லை, சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனால் பலம் இழக்க ஆரம்பிக்கும். பேட்டரிப் பக்கமாகக் கம்பியை ஆட்டிக்கொண்டு நிற்பதும் ஆகாது.

ஸ்பார்க் பிளக் கழற்றிய ஓட்டைக்குள் ஏதாவது விழுந்துவிட்டால் எஞ்சினை ஒரு சுற்றுக்கூடச் சுற்றக்கூடாது. எடுக்கிறவரை ஸ்டார்ட்டர் பக்கமே போகவேண்டாம்.

ஃபோம் குழாய்

அத்தை முன்சீட்டில் உட்காருவதை விடப்போவதில்லை, பயணத்தில் திருகாணியைத் திருகுவதையும் விடப்போவதில்லை. இடுக்கை அடைப்பதுதான் சுலபம். வீட்டு ஏசியின் செம்புக் குழாய்க்கு மேலே போடுகிற கறுப்பு ஃபோம் குழாய் மீட்டர் கணக்கில் கிடைக்கும். இடுக்கைவிடக் கொஞ்சம் பருமனானதாக வாங்கி, சீட்டின் நீளத்துக்கு வெட்டி, பக்கிள் தண்டு வருகிற இடத்தில் மட்டும் ஒரு பிளவு போட்டு, தண்டை அதற்குள் நுழைத்து அழுத்திவிட்டேன். பக்கிள் தண்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் சீட்டை நகர்த்தும்போது ஃபோமும் கூடவே வருகிறது. பக்கிள் தாராளமாக அசைகிறதா, பெல்ட் டக்கென்று மாட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

டிரைவர் பக்கம் இன்னும் போடவில்லை. அந்தப் பக்கம் ஹேண்ட்பிரேக் நெம்புகோல் இடுக்கை ஒட்டி வருகிறது, ஃபோம் உரசுகிறது. முன்முனை கழன்று உருண்டால் போய் நிற்கிற இடம் பெடல் என்பதால், முன்னால் நாலு விரல் குறைத்து வெட்டி, பக்கிள் தண்டோடு கேபிள் டை போட்டுக் கட்டிப் பார்க்கவேண்டும். ஃபோம் மிச்சம் இருக்கிறது.